இரண்டாவது விருப்பு வாக்கு

"போய் அவனைக் கையோடு கூட்டிட்டு வந்துரு" என்று அக்கா சொன்னாள். அதற்காகத்தான் மெல்பர்ன் போனேன். 2008 முடியப்போகும் நேரம்.

அக்கா மகன் கார்த்திக் அங்கே கிளேட்டன் பகுதியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தான். மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி அறைக்கு நடந்தபோது யாரோ பின்னாலிருந்து அடித்துப் பையையும் செல்போனையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தாடை எலும்பு முறிந்துவிட்டது. அக்காவுக்கு அப்போதுதான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அத்தான் அவளை விட்டு நகர முடியாது. நான் மதுரை கோர்ட்டில் வக்கீல். கேஸ்களை ஜூனியரிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

விமான நிலையச் சுங்கத்தில் என் பெட்டியைக் குடைந்தார்கள். பருப்புப்பொடியை ஓர் அதிகாரி முகர்ந்து பார்த்துத் தும்மினார். அது தப்பித்தது. மணத்தக்காளி வற்றல் குப்பைக்குப் போனது. விதை இருக்கிறதாம்.

வெளியே யோகநாதன் காத்திருந்தார். கார்த்திக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். காரின் கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை. நான் உட்கார்ந்த பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது.

"அதில காலை வைச்சிராதேங்கோ தங்கச்சி" என்றார்.

பின்கண்ணாடி முழுவதும் அவருடைய சிரித்த முகம் ஒட்டியிருந்தது. என்ன சார் இது என்று கேட்டேன்.

"எலெக்ஷன். நகரசபைக்கு நிக்கிறன். மேயருக்கு எதிரா."

எனக்குப் புரிய வேண்டும் என்று நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே விளக்கினார். மெல்பர்ன் நகரின் நடுப்பகுதியில் மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களுடைய புறநகரில் வட்டாரத்துக்கு ஒரு கவுன்சிலர். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போதைய மேயர் யோகநாதனின் வட்டாரத்துக்காரர். இங்கே தோற்றால் மேயர் பதவியும் போய்விடும். மதுரையிலும் அப்போது கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது. ஆனால் மைக் செட் எங்கே, சுவர் விளம்பரம் எங்கே? தேர்தல் நடக்கிற ஊர் இப்படியா அமைதியாக இருக்கும்?

"ஓட்டெல்லாம் தபாலில. சனம் குசினி மேசையில வைச்சுக் குறிச்சுப்போட்டு அனுப்பும்" என்றார்.

நோபல் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் புறநகரின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கார்த்திக் வாசலில் நின்றிருந்தான். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். முகம் ஒரு பக்கம் மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது. "வாங்க சித்தி" என்றது பல்லிடுக்கு வழியாகக் காற்றோடு வந்தது. நான் அழுதேன். அழுது முடிந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "யாருடா? எந்த ஆளுங்க?"

எங்கள் ஊரில் ஒரு அடிதடி நடந்தால் கோர்ட் வாசலில் முதல் கேள்வி அதுதான். அங்கே அதற்கு அர்த்தம் சாதி. இங்கே என் வாயிலிருந்து வந்தபோது அதற்கு அர்த்தம் நிறம். கார்த்திக்குக்கு அது புரிந்துவிட்டது.

"பாக்கலை சித்தி. பின்னாலருந்து அடிச்சாங்க. இருட்டு."

"ஒரு அடையாளம்கூடவா?"

"நீங்களுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அந்த 'நீங்களுமா' எதற்கு என்று மறுநாளிலிருந்து தெரியத் தொடங்கியது.

யோகநாதனின் மனைவி சாந்தி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியோடு மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, உறிஞ்சுகுழல் போட்டு அவனுக்குக் கொடுப்பார். அவன் எதிரே உட்கார்ந்து சம்பலும் இடியப்பமும் மென்று தின்ன எனக்குக் கூச்சமாக இருக்கும். குசினியில், அதாவது அடுப்படியில், நின்றபடியே விழுங்கிவிட்டு வருவேன். வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள், தமிழ்ப் பள்ளிக்காரர்கள், அவனோடு படிக்கிற பஞ்சாபிப் பையன்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆப்பிரிக்கப் பெடியங்கள்தானே? சூடான்காரங்கதானே? வெள்ளைக்காரப் பயலுகளா? அவன் தலையை மட்டும் ஆட்டுவான், தெரியாது என்று. வந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

மேயரும் ஒரு நாள் வந்தார். அகலமான தோள், நரைத்த சுருட்டை முடி. அவருடைய பெற்றோர் கிரேக்கத்திலிருந்து வந்து பொரித்த மீன் கடை வைத்துப் பிழைத்தவர்களாம். பெரிய பழக்கூடை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஆப்பிள், பேரிக்காய். வாயைத் திறக்க முடியாதவனிடம் அதை நீட்டிவிட்டு அவரே தன் தவற்றை உணர்ந்து காது வரை சிவந்தார். அதனாலேயே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

"என் அப்பாவையும் இந்த ஊரில் அடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் இது ஒரு தனிப்பட்ட சம்பவம். நம் ஊர் பாதுகாப்பான ஊர்."

கூட வந்த படக்காரர் கேமராவைத் தூக்கினார். கார்த்திக் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"இந்த மனுசனை வெல்லேலாது அக்கா" என்று அவர் போன பிறகு சாந்தி சொன்னார். "பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருவார். பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் எடுத்துத் தந்தவர். கோயிலுக்குப் பார்க்கிங் எடுத்துத் தந்தவர். எங்கட சனமே அவருக்குத்தான் போடும். பதவியில இருக்கிற ஆளைப் பகைக்க ஆருக்கு விருப்பம்?"

மூன்றாவது வேட்பாளர் ஒருவரும் இருந்தார். கிரெய்க். முன்பு வீடு விற்கும் தரகர். அவருடைய துண்டுப்பிரசுரம் தினமும் தபால் பெட்டியில் கிடக்கும். இருண்ட ரயில் நிலையம், தலையை மூடிய நிழல்கள், 'நம் தெருக்களை மீட்போம்' என்ற எழுத்து. யாரிடமிருந்து மீட்பது என்று எங்கும் எழுதவில்லை. படத்தைப் பார்த்தாலே போதும். மேயருக்குக் கார்த்திக்கின் தாடை ஒரே ஒரு தடவை உடைந்ததாக இருக்க வேண்டும். கிரெய்க்குக்கு அது நாள்தோறும் உடைய வேண்டும்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் காலை தனியாக ரயிலேறி நகருக்குப் போனேன். பயணச்சீட்டு வாங்கினேன், ஆனால் அதை இயந்திரத்தில் செருக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பரிசோதகர்கள் என்னை ஓரங்கட்டினார்கள். கோர்ட்டில் வாதாடிப் பழகியவள் முப்பது பேர் முன்னால் கைதி மாதிரி நின்றேன். கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். நகருக்குள் ட்ராம்களின் மணியோசைக்கு நடுவே அந்தப் பகுதி மேயர் தேர்தலுக்கான முகங்கள் கம்பங்களில் தொங்கின. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், இன்னொரு தெருவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில், மழை, குளிர்காற்று மூன்றும் வந்து போயின. எதையும் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிவிட்டேன்.

திரும்பும் ரயிலில் எதிரே இரண்டு வயதான பெண்கள்.

"எனக்கு மேயரைப் பிடிக்கும். குப்பைத் தொட்டியைப் பற்றி ஃபோன் செய்தால்கூட அவரே பேசுகிறார்" என்றாள் ஒருத்தி.

"ஆனால் சாயங்காலமானால் ரயிலேற பயமாக இருக்கிறதே. இவர்கள் எல்லாம் வந்த பிறகுதான்" என்றாள் மற்றவள். சொன்னவள் சட்டென்று என்னைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். "உங்களைச் சொல்லவில்லை, கண்ணே."

நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

நிலையத்தில் இறங்கி அவனை அடித்த இடத்தைப் பார்த்தேன். வாகன நிறுத்தத்துக்கும் தெருவுக்கும் நடுவே வேலியோரமாக ஒரு நடைபாதை. விளக்குக் கம்பம் இருந்தது. விளக்கின் கண்ணாடி உடைந்து, உள்ளே குருவி கூடு கட்டியிருந்தது. நெடுநாளாக எரியாத விளக்கு.

சனிக்கிழமை யோகநாதனோடு நோபல் பார்க் கடைத்தெருவுக்குப் போனேன். முருங்கைக்காயும் ஆட்டிறைச்சியும் வாங்கத்தான் போனோம். பத்தடிக்கு ஒருவர் அவரை நிறுத்தினார்கள். வியட்நாம்காரர், ஆப்கானியர், செர்பியக் கிழவர். எல்லாரும் அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். மதுரை வார்டுகளில் ஓட்டை எந்தத் தெருவில் எந்தச் சாதி என்று கணக்குப் போடுவார்கள். இவர் கணக்கு வேறு. "இவர் ரிவர்ஸ் பார்க்கிங்கில மூண்டு தரம் ஃபெயில். இவ முதல் தரமே பாஸ்" என்று எனக்கு அறிமுகம் செய்தார்.

சூடானைச் சேர்ந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து வேகமாக வந்தாள். பெயர் அச்சோல். பச்சைச் சால்வை, கையில் மீன் பை. அவரிடம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவள்.

"கிரெய்க்கின் அந்தக் காகிதம் வந்த நாளிலிருந்து என் மகன்கள் கடைக்குள் போனால் காவலாளி பின்னாலேயே வருகிறான்" என்றாள். "நீங்கள் கிரெய்க்கோடு சேரப்போவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?"

"இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை" என்றார் யோகநாதன். அச்சோல் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். வண்டியில் அவர் முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை.

விஷயம் இதுதான். அங்கே ஒரே ஒரு வேட்பாளருக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டு வர முடியாது. எல்லா வேட்பாளர்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். கடைசியில் வருகிறவரை நீக்கிவிட்டு, அவருடைய ஓட்டுச் சீட்டுகளில் இரண்டாவதாக யாரைக் குறித்திருக்கிறார்களோ அவருக்குச் சேர்த்துவிடுவார்கள். இலங்கைக்காரர்கள் இதை விருப்பு வாக்கு என்றார்கள். தன் ஆதரவாளர்கள் யாரை இரண்டாவதாகக் குறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேட்பாளரும் அட்டை அச்சிட்டுக் கொடுப்பார். மேயரைக் கவிழ்க்க வேண்டுமானால் யோகநாதனும் கிரெய்க்கும் ஒருவரையொருவர் இரண்டாவதாகப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரெய்க் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல பேச்சு, நல்ல சட்டை. சாந்தி பொரித்து வைத்த ரோல்ஸில் இரண்டை வாங்கிச் சாப்பிட்டார்.

"யோகா, கணக்கு உனக்கே தெரியும். நாம் சேர்ந்தால் அவர் காலி. என் அட்டையில் நீ இரண்டாவது, உன் அட்டையில் நான். உன் ஆட்களில் இதுவரை ஒருவர்கூட இந்த நகரசபையில் உட்கார்ந்ததில்லை. இந்தத் தடவை விட்டால் இனி எப்போது?"

யோகநாதன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசை இருந்தது. அது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இருபது வருடமாக அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு தடவை தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

கிரெய்க் கார்த்திக் பக்கம் திரும்பினார். "உன் படம் ஒன்று போதும், தம்பி. அவர்கள் ஆப்பிரிக்கர்கள்தானே? சொல்லலாம். தப்பில்லை."

"நான் பார்க்கவில்லை" என்றான் கார்த்திக்.

"பயப்படாதே."

"பயமில்லை. பார்க்கவில்லை."

எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான். எனக்கு முகம் எரிந்தது. வந்து இறங்கிய அன்று நான் கேட்டதைத்தான் இந்த மனிதரும் கேட்டார். ரோல்ஸைக் கையில் பிடித்தபடி கேட்டார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கிரெய்க் போன பிறகு சாந்தி தட்டுகளை எடுத்தார். "வெல்லோணுமெண்டால் வெல்லுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தாளின்ர பேரைப் போட்ட அட்டை எங்கட வீட்டுக்குள்ளால வெளிய போகக்கூடாது."

"அப்ப மேயரைப் போடச் சொல்லுறியோ? நான் எதிர்த்து நிக்கிற ஆளை?"

"அது உங்கட விருப்பம்."



செவ்வாய்க்கிழமை மாலை நூலக மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் பிஸ்கட், பெரிய கொதிகலனில் வெந்நீர். மேயர் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கார்த்திக் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். கிளம்பும் நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் அச்சோல் இருந்தாள்.

மேயர் பூங்காக்களைப் பற்றிப் பேசினார். கிரெய்க் பேசும்போது கையை நீட்டி, "அதோ உட்கார்ந்திருக்கிறானே, அந்த இளைஞனைப் பாருங்கள். அவனைக் கேளுங்கள், இந்தக் கும்பல்கள் நம்மை என்ன செய்கின்றன என்று" என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின.

கார்த்திக் எழுந்து மைக்கை நோக்கி நடந்தான். நான் அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தேன். கைக்கு எட்டவில்லை. கம்பி கட்டிய வாயால் அவன் பேசியது முதலில் யாருக்கும் புரியவில்லை. கூட்டத் தலைவர் கொதிகலனை அணைக்கச் சொன்னார்.

"என்னை அடித்தவர்களை நான் பார்க்கவில்லை" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். "போலீசிடமும் அதைத்தான் சொன்னேன். நான் பார்க்காததை நீங்கள் எல்லாரும் பார்த்த மாதிரி பேசுகிறீர்கள். அந்தப் பாதையில் விளக்கு எரியவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்."

ஒன்றிரண்டு பேர் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "பிடிக்காவிட்டால் உன் ஊருக்குப் போ" என்றது. கார்த்திக் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்து உட்கார்ந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து யோகநாதன். எழுதி வைத்திருந்த பேச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எண்பத்து மூன்றில் நான் கொழும்பில் இருந்தேன்" என்றார். "எங்கள் தெருவிலும் முதலில் காகிதம்தான் வந்தது. யாரென்று அதில் எழுதியிருக்கவில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரிந்தது. ஆள்கள் பிறகுதான் வந்தார்கள். மேயர் அந்த விளக்கைப் போடவில்லை; அதனால்தான் அவரை எதிர்த்து நிற்கிறேன். முதல் ஓட்டை எனக்குப் போடுங்கள். இரண்டாவதை அவருக்குப் போடுங்கள். அந்தக் காகிதத்துக்குப் போடாதீர்கள்."

மேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரெய்க் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே வரும்போது கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் யோகநாதனின் தோளைத் தட்டி, "பிழை விட்டுட்டியள்" என்றார். அச்சோல் அவரோடு கை குலுக்கினாள்.

ஓட்டு எண்ணிய நாளில் நாங்கள் ஒரு விளையாட்டு அரங்கத்தின் வெளியே புல்வெளியில் உட்கார்ந்திருந்தோம். ஈக்கள் முகத்தை விட்டு அகலவே இல்லை. எங்கள் ஊரில் இந்நேரம் வேட்டு வெடிக்கும், போலீஸ் லத்தியோடு நிற்கும். இங்கே பக்கத்தில் யாரோ குழந்தைக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். சாந்தி நகத்தைக் கடித்தார். நான் அரங்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

யோகநாதன் மூன்றாவதாக வந்தார். மேயரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கிரெய்க்கோடு கூட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். பிறகு யோகநாதனின் ஓட்டுகளைப் பிரித்தார்கள். அதுவரை கிரெய்க்தான் முன்னால் இருந்தார். பிரித்து முடித்தபோது மேயர் தப்பித்துவிட்டார்.

மேயர் வெளியே வந்து நேராக எங்களிடம் வந்தார். வியர்த்திருந்தார். யோகநாதனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்."

"விளக்கு" என்றார் யோகநாதன்.

"அந்தப் பாதை ரயில்காரர்களுடையது. நம்முடையது இல்லை. அவர்களிடம் பேசுகிறேன்."

"பாதை போய்ச் சேருகிற தெரு உங்களுடையதுதானே? நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் இல்லையா? நான் வருவேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவேன்."

மேயர் சிரித்தார். யோகநாதன் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாந்தியும் கார்த்திக்கும் பின்னால். வழியில் ஒரு ரவுண்டானாவில் யாரோ குறுக்கே வர, என் கால் என்னை அறியாமல் பிரேக்கில் போய்விட்டது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்.

கொஞ்ச தூரம் போனதும் சாந்தி கேட்டார்: "அடுத்த முறையும் நிக்கப்போறியளோ?"

அவர் தெருவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க அங்கிள்" என்றான் கார்த்திக், பல்லிடுக்கு வழியாக. "அதுக்கு அடுத்ததுக்குள்ள எனக்கும் ஓட்டு வந்துரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கேயே இருக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல முடியாததை, என்னிடமும் நேராகச் சொல்ல முடியாததை, அங்கிளிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவன் மண்டபத்தில் மைக்கை நோக்கி நடந்தது கூடவே நினைவுக்கு வந்தது. முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை மதுரைக்கு ஃபோன் போட்டேன்.

"எப்ப வர்றீங்க?" என்றாள் அக்கா.

"நான் வியாழக்கிழமை வர்றேன்க்கா."

"அவன்?"

சொல்ல ஆரம்பித்தேன், மண்டபம், விளக்கு, ஓட்டு என்று. எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"இருக்கேன்டி" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அங்க குளிர் ஜாஸ்தியாமே. வர்றதுக்கு முன்னால அவனுக்கு நல்லதா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்துட்டு வா" என்றாள்.